நேராகப் பிடிக்கச் சொன்னேன்

ஏர்பேக் இல்லாத எங்கள் பழைய காரில் ஹாரன் அடிக்கவில்லை. போன மாதம் அஸ்தினாபுரம் வீட்டு வாசலிலேயே பேட்டரி வயரை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கைக் கழற்றினேன். அதன் அடியில் இருந்த ஹாரன் வயரைச் சரிசெய்து, திரும்ப மாட்டி, நட்டை நன்றாக இறுக்கினேன். ஹாரன் அடித்தது, எனக்கு ஒரே பெருமை. கழற்றும்முன் அது எந்த நிலையில் இருந்தது என்று அடையாளம் வைக்க மட்டும் தோன்றவில்லை.

மறுநாள், புதிதாக லைசென்ஸ் வாங்கிய என் மனைவி சுமதி ஓட்ட, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங் இடப்பக்கம் சாய்ந்தே இருந்தது.

"நேரா புடி!"

"நேரா புடிச்சா வண்டி ரைட்ல இழுக்குதுங்க."

"ஓட்டத் தெரியலைன்னு சொல்லு."

அவள் நேராகப் பிடித்தாள். வலப்பக்கம் முந்தி வந்த பைக்கை நோக்கி கார் திரும்பியது. அவள் சட்டென்று பிரேக் போட்டதால், குழந்தையோடு வந்த அந்தத் தம்பதி தப்பினார்கள். அப்போதும் நடுரோட்டில் அவளைத்தான் திட்டினேன்.

சுமதி இறங்கி, என்னை ஓட்டச் சொன்னாள். கார் நேராகப் போக, நானும் ஸ்டியரிங்கைக் கோணலாகத்தான் பிடிக்க வேண்டியிருந்தது. மாட்டியதே கோணல்.

அன்றே முன்சக்கரங்களை நேராக நிறுத்திவிட்டு, மறுபடி கழற்றி மாட்டினேன். இப்போதெல்லாம் எதைக் கழற்றினாலும் முதலில் மார்க்கரால் கோடு போடுகிறேன். மாட்டியபின் காலித் தெருவில் நானே ஓட்டிப் பார்க்கிறேன். மன்னிப்பும் கேட்டுவிட்டேன். சுமதிதான் இன்னும் சாவியை வாங்க மாட்டேன் என்கிறாள்.