ஜப்பான் பட்டில் ஒரு கூறைச்சேலை

ஜப்பான் சீனாவின்மேல் படையெடுத்த காலத்தில் எங்கள் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று எங்கள் ஊரான இளம்பிள்ளையில் முதலில் யாரும் நினைக்கவில்லை.

அக்காவின் கூறைச்சேலையை அப்பாவே நெய்துகொண்டிருந்தார். மாம்பழ நிறம், அரக்குக் கரை. இரண்டும் அக்கா கேட்டவை. பட்டுநூல் ஜப்பானிலிருந்து வந்தது. அப்போது நல்ல நூல் என்றாலே அதுதான். சேலை பாதி வளர்ந்திருந்த சமயத்தில், ஜப்பான் சரக்கை இனி யாரும் தொடக்கூடாது என்று ஊர் ஊராகக் கூட்டம் போட்டார்கள். நாமகிரிப்பேட்டைக் கூட்டத்தில் தீர்மானத்தைப் படித்தவர் மாப்பிள்ளையின் அப்பா. தாம் கதர் கட்டினாலும், மருமகளுக்குப் பட்டு வேண்டாமென்று அதுவரை சொல்லாதவர்.

மறுவாரமே அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தறியைப் பார்த்தார். உட்காரவில்லை.

“அங்க சனத்து மேல குண்டு போடறானுங்க. இந்தச் சேலையோட பொண்ணு எங்கூட்டு வாசப்படி ஏறுனா ஊரு என்ன பேசும்? அறுத்துப்போட்டு வேற பாவு ஏத்துங்க. இல்லீன்னா கல்யாணப் பேச்சை உட்டுருங்க.”

கூறைக்கென்று தறியில் ஏற்றிய பாவு நூலைப் பாதியில் அறுப்பது எங்களுக்குத் தாலியை அறுப்பதுபோல. அடுப்படியிலிருந்து அம்மா வந்தாள்.

“ஏனுங்க, அறுக்கச் சொல்லி சீனாக்காரன் ஆளனுப்பியிருக்கானா? அதுல கத்தி பட்டா என்ற பொண்ணு நல்லா இருப்பாளா?”

இரு தரப்பும் இறங்கி வருவதாக இல்லை. கடைசியில் எங்கள் தாய்மாமன்தான் வழி கண்டுபிடித்தார்.

“அறுக்கவும் வேண்டாம், கட்டவும் வேண்டாமுங்க. நெய்து முடிச்சு மாரியாத்தாளுக்குச் சாத்திரலாம். ஆத்தா எந்தத் தீர்மானத்துலயும் கை தூக்கலீங்களே!”

சம்பந்தி சிரித்துவிட்டார். பிறகு உட்கார்ந்தார்; மோரும் குடித்தார். சீனாவில் யுத்தம் நடந்துகொண்டிருக்க, எங்கள் வீட்டில் சமாதானம் ஏற்பட்டது. எல்லோரையும் கேட்டார்கள். கதவருகே நின்ற அக்காவை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை. கதர்ச்சேலையில் கல்யாணம் குறையின்றி நடந்தது. கூறைச்சேலை கோயிலுக்குப் போயிற்று.

அடுத்த ஆடிக்கு அக்கா தாய்வீடு வந்தாள். வெள்ளிக்கிழமைகளில் ஆத்தாளுக்கு அந்தப் பட்டைத்தான் சாத்துவார்கள். ஒரு வெள்ளிகூடத் தவறாமல் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போவாள். மற்றவர்கள் கண்ணை மூடிக் கும்பிடுவார்கள், அவள் மூடுவதில்லை. தீபாராதனை முடிந்து எல்லோரும் கலைந்த பிறகும் நின்றுகொண்டே இருப்பாள். ஒருநாள் பூசாரியிடம் மெதுவாகச் சொன்னாள்:

“முந்தியைக் கொஞ்சம் முன்னால எடுத்து உடுங்க சாமி. கரை மடிப்புக்குள்ள போயிருச்சு.”

கல்யாணமானால் பெண்களுக்குப் பக்தி கூடிவிடும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, நான் பொங்கலுக்குக் கையை நீட்டினேன்.