தேத்தண்ணி வைக்கப் போனவர்

நோர்பரியில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தன் கராஜில் பியர் வடிப்பார். குள்ளமான, தொந்தி வைத்த மனிதர். எந்த வேலையையும் தொடங்குமுன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார்.

அவருடைய மனைவியின் பிறந்தநாளுக்கு வந்த விருந்தினர் தோட்டத்தில் வெறும் கிளாஸுடன் நின்றார்கள். பீப்பாயிலிருந்து பியரைத் தள்ளும் காஸ் சிலிண்டர் முடிந்துவிட்டது. புதியதை மாட்டலாமென்றால், பழையதில் பூட்டிய ரெகுலேட்டரின் நட்டு அசையவில்லை. கராஜுக்குள் நான் சிலிண்டரைக் கட்டிப்பிடித்திருந்தேன். அவர் நட்டுக்குப் பின்பக்கம் நின்று ஸ்பானரால் முக்கி முக்கித் திருப்பினார். அது இன்னும் இறுகியது.

"அண்ணை, மற்றப் பக்கம் திருப்பிப் பாப்பமே?"

"எனக்கு நட்டுக் கழட்டப் பழக்குறீரோ? பொறும், தேத்தண்ணி வைச்சுக்கொண்டு வாறன்."

அவர் போனதும் மறுபக்கம் திருப்பினேன். இளகிவிட்டது. மனிதர் மனம் நோகக் கூடாதென்று பழையபடி விரலால் பூட்டிவைத்தேன்.

வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். ஒரே திருப்பில் கழற்றினார்.

"பாத்தீரே? கொஞ்சம் ஆறவிட்டா எல்லாம் இளகும்!"

விருந்தினர் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இம்முறை அவர் சரியான பக்கம் திருப்பினார் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. தேத்தண்ணியும் வரவில்லை. அவர் தேத்தண்ணி வைக்கப் போன குசினியின் யன்னலால் பார்த்தால் கராஜ் முழுவதும் தெரியும்.