பின்னால் போகாத மாப்பிள்ளை கார்

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பார்கள். சொன்னவர் காலத்தில் மோட்டார் கார் இல்லை. இருந்திருந்தால் அதையும் ஒரு வார்த்தை சேர்த்திருப்பார்.

நான் கிள்ளான்காரன். பெண் வீடு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில். முதல்நாள் சாயந்திரமே ரயிலேறி வந்து சொந்தக்காரர் வீட்டில் தங்கிவிட்டோம். மாப்பிள்ளையை மச்சான் வந்து அழைப்பது முறைதானே? என் மச்சான், அதாவது பெண்ணின் அண்ணன், தானே கார் ஓட்டிக்கொண்டு வந்து என்னை அழைத்தார். அந்தக் குடியிருப்பில் முதன்முதலாக லைசென்ஸ் வாங்கியவர் அவர். ஒரு முதலாளியின் வாடகைக் காரை ஓட்டிப் பிழைத்தார். அந்த வீட்டில் அடுப்பெரிந்ததும் அந்த லைசென்ஸால்தான், எங்கள் கல்யாணம் நடந்ததும் அதனால்தான்.

காரில் பின்னால் நானும் என் அத்தையும். அத்தை காப்பார் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். காரில் ஏறியது அன்றுதான்.

“மாடும் இல்லே, குதிரையும் இல்லே. இதுக்கு வழி எப்படிய்யா தெரியுது?” என்றாள்.

“அதுக்குத்தான் அத்தே என்னை உக்கார வெச்சிருக்காங்க” என்றார் மச்சான்.

மேளக்காரர்கள் முன்னால் நடக்க, கார் நத்தை மாதிரி ஊர்ந்தது. அவர்கள் நாற்சந்தியைத் தாண்டிவிட்டார்கள். நாங்கள் சந்திக்கு வரும்போது இடப்பக்கத் தெருவிலிருந்து ஒரு பெரிய கார் எங்கள் ரோட்டுக்குள் திரும்பியது. ரோட்டின் பாதியைத் தாண்டி அந்தப் பக்கமாகத் திரும்ப வேண்டியது, முனையை அறுத்துக்கொண்டு நேரே எங்கள் பக்கத்துக்கு வந்துவிட்டது. மச்சான் பிரேக்கை மிதித்தார். இருந்தும் டமார்! எங்கள் மட்கார்டு நசுங்கியது, ஒரு விளக்கு உடைந்தது. யாருக்கும் அடியில்லை.

அந்தக் காரிலிருந்து இறங்கிய டிரைவரும் நம் ஆள்தான். தோட்டத்துத் துரையின் கார். துரை உள்ளே இல்லை. ஆனால் துரையின் கோபம் முழுவதையும் டிரைவரே கொண்டுவந்திருந்தார்.

“துரை காருன்னு கண்ணு தெரியலே? நடுரோட்டுல வந்து மோதுறியே!”

“அண்ணே, நான் என் ஓரத்துல நிக்கிறேன். நீங்கதான் வந்து…”

“அதெல்லாம் ஸ்டேஷன்ல சொல்லு. உன் லைசென்ஸ் இன்னியோட போச்சு!”

மச்சானின் முகம் செத்துப்போனது. ஏழை சொல் அம்பலம் ஏறாது. துரை வீட்டு டிரைவர் ஒரு பக்கம், வாடகைக் கார் டிரைவர் ஒரு பக்கம் என்றால் எந்தச் சொல் ஏறும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும்.

அதற்குள் துரை காரின் பின்னால் மாட்டுவண்டிகளும் ஒரு லோரியும் சேர்ந்துவிட்டன. “மாப்பிள்ளைக் காரைப் பின்னால தள்ளுங்கப்பா, வழி விடட்டும்!” என்று கூட்டம் கையை வைத்தது. முகூர்த்தம் தவறிவிடுமோ என்ற பதற்றத்தில் மச்சானும் தள்ளத் தயாராகிவிட்டார். அப்போது அத்தை இறங்கினாள். காரின் பின்னால் போய் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டாள்.

“மாப்பிள்ளை ஏறின வண்டி பின்னால போகக்கூடாது.”

“அத்தே, முகூர்த்தம் போயிரும்!”

“முகூர்த்தம் போனா இன்னொண்ணு வரும். பின்னால போன வாழ்க்கை முன்னால வராது.”

துரை வீட்டு டிரைவர் கத்தினார்: “ஏ கெழவி, நகரு!”

“கெழவிதான்டா! நீயும் ஒருநாள் கெழவனாகணும்னா ஒழுங்கா ஓட்டிப் பழகு!”

கூட்டம் சிரித்துவிட்டது. சிரித்த கூட்டம் தள்ளாது. காரின் மேல் வைத்திருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின.

“நான் எறங்கி நடந்தே போறேன் அத்தே” என்றேன்.

“நட. முன்னாலதானே போறே” என்றாள். அவள் மட்டும் நகரவில்லை. மச்சானும் போலீஸ் வரும்வரை காரை விட்டு வர முடியாது.

ஆக மாலையும் கழுத்துமாக நான் ஊர் பார்க்கக் கோயிலுக்கு நடந்துபோய்த் தாலி கட்டினேன். கட்டும்போது பெண்ணுக்கு அண்ணன் இல்லை, எனக்கு அத்தை இல்லை. என் மனைவி நிமிரவே இல்லை. வெட்கம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், அழுதுகொண்டிருந்தாள்.

சந்தியில் நடந்ததைப் பிறகு மச்சான் வாயால் கேட்டேன். ஒரு மலாய் சார்ஜன்ட் வந்து, “சியாப்பா சாலா?” என்றாராம். தப்பு யார்மேல் என்று கேட்கிறார். இருவரும் ஒருவரையொருவர் காட்டினார்கள். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. காரைச் சுற்றி நடந்தார். எங்கள் இடது சக்கரங்கள் ரோட்டோரச் சாக்கடையை ஒட்டி, ஒரு சாண் இடைவெளியில் நின்றன. ரோட்டின் பாதி இன்னும் காலியாகக் கிடந்தது. துரையின் கார் எங்கள் பாதிக்குள் முகத்தை நீட்டிக்கொண்டிருந்தது.

“நீ போக வேண்டிய பக்கம் எது?” என்று துரை வீட்டு டிரைவரைக் கேட்டாராம்.

அவர் காலியாகக் கிடந்த பக்கத்தைக் காட்டினார்.

“அப்படியானால் உன் கார் இங்கே என்ன செய்கிறது?”

 சார்ஜன்ட் சக்கரங்களைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். மச்சானின் லைசென்ஸை வாங்கிப் பார்த்து, அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். துரையின் காரைப் பின்னால் எடுக்கச் சொன்னார்.

“பாத்தியா, யாரு பின்னால போகணுமோ அவனே போறான்” என்றாளாம் அத்தை.

அவளுக்கு ரோட்டுச் சட்டம் ஒன்றும் தெரியாது. சாட்சியத்தைக் காப்பாற்றுகிறோம் என்றும் தெரியாது. ஆனால் கூட்டம் எங்கள் காரைத் தள்ளியிருந்தால், மச்சான் தன் ஓரத்தில் நின்றதற்கு எந்த அடையாளமும் மிஞ்சியிருக்காது.

கோயில் வாசலில் ஹாரன் கேட்டதும் என் மனைவி தலை நிமிர்ந்தாள். ஒற்றை விளக்கோடு கார் நின்றது. மச்சான் சட்டையெல்லாம் கிரீஸாக வந்து, “லைசென்ஸ் இருக்கு தங்கச்சி” என்றார்.

பெரியவர் ஒருவர் என் காதருகே வந்து, “அடிபட்ட வண்டி ஆகாது மாப்பிள்ளே. வேற காரு சொல்லியிருக்கேன், பொண்ணை அதுல கூட்டிட்டுப் போங்க” என்றார்.

நான் வாயைத் திறக்குமுன் என் மனைவி பேசினாள். என்னிடம் அவள் பேசிய முதல் பேச்சு அது.

“எங்கண்ணன் ஓட்டுற காருலயே போலாங்க.”

போனோம். அத்தை முன்சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். குடியிருப்பின் ஒவ்வொரு வாசலிலும் மச்சான் ஹாரன் அடித்தார். ஜனம் வெளியே வந்து பார்த்தது. துரை, கங்காணி, யார் வந்து பார்த்தாலும் எனக்கென்ன என்கிற மாதிரி, நசுங்கிய மட்கார்டு தெரியும் பக்கமாகவே நான் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.