தெலுங்கு லயத்தில் ஜூடித்

1907-ஆம் வருஷம் பிப்ரவரி மாதம், உபதேசியார் பெர்னார்ட் மனைவி மக்களோடு பெங்களூரை விட்டு மலாயாவுக்குப் புறப்பட்டார். ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டப் போன நம் ஜனங்களுக்கு ஊழியம் செய்ய மிஷன் ஆள் தேடிக்கொண்டிருந்தது. தனி ஆளாக வருகிறவரிடம், கூலிகளின் வரிசை வீடுகளான லயங்களில் பெண்கள் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, குடும்பஸ்தரை அனுப்புங்கள் என்று அங்கிருந்த பாதிரியார் எழுதியிருந்தார்.

அவர் மனைவி ஜூடித்துக்கு அப்போது இருபத்தாறு வயது. கண்டோன்மென்ட்டில் ஒரு பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். மிஷனிலிருந்து வந்த உத்தரவில் பெர்னார்டின் பெயருக்குக் கீழே "மனைவி, பிள்ளைகள் இருவர்" என்று மட்டும் இருந்தது. அதை அவள் இரண்டு தரம் படித்தாள்.

"நான் அங்க வந்து என்னங்க செய்யப் போறேன்? இங்கயாவது முப்பது பிள்ளைங்க டீச்சர்னு கூப்பிடுதுங்க."

"உனக்கு இஷ்டமில்லன்னா சொல்லு. வரலைன்னு எழுதிப் போட்டுடறேன்" என்றார் பெர்னார்ட். மனதாரத்தான் சொன்னார். அதனாலேயே அவளால் மறுக்க முடியவில்லை. மூன்று நாள் யோசித்துவிட்டுப் பள்ளிக்கூடத்தில் ராஜினாமாவை எழுதிக் கொடுத்தாள்.

கப்பலில் ஏழு வயது நோயல் குடல் வெளியே வரும்படி வாந்தியெடுத்தான். நாலு வயது மௌரீனுக்கு ஒன்றும் ஆகவில்லை. தளமெங்கும் ஓடி, பார்த்தவர்களையெல்லாம் மாமா, அத்தை என்று உறவு கொண்டாடினாள். பினாங்கில் இறங்கி, நோய்த் தடுப்பு முகாமில் ஒரு வாரம் கிடந்து, பேராக் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பலகை வீடு, தகரக் கூரை. மதியம் தவறாமல் மழை.

முதல் ஞாயிறு ஜெபத்துக்கு ஐந்து பேர் வந்தார்கள். ஆறு மாதம் கழித்தும் ஏழு பேர்தான். தமிழ் லயங்களைத் தாண்டி, ஓடைக்கு அப்பால் தெலுங்குக்காரர்களின் லயம் ஒன்று இருந்தது. விசாகப்பட்டினம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். பெர்னார்டுக்குத் தெலுங்கு ஒரு வார்த்தை வராது; அவர் கும்பகோணத்தில் வளர்ந்தவர். அங்கே போனால் சிரித்துக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்.

அந்த வருஷக் கடைசியில் ஒரு காலை, மௌரீனின் கால் புண்ணுக்கு மருந்து வாங்கத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்குப் போன ஜூடித், வாசலுக்கு வரும்போதே உள்ளே கூச்சலைக் கேட்டாள். நூகம்மா என்ற தெலுங்குப் பெண் தன் மூன்று வயதுப் பையனை மார்போடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். பையன் துவண்டு கிடந்தான். சேலையெல்லாம் வாந்தி. டிரெஸ்ஸர் சந்தானம் கையைக் கட்டிக்கொண்டு எட்ட நின்றார். டாக்டர் இல்லாத இடத்தில் அவர்தான் வைத்தியர்.

"காலரா மாதிரி தெரியுதும்மா. கிட்டப் போகாதீங்க. தாயையும் பிள்ளையையும் காட்டுக் கொட்டகைக்கு அனுப்பச் சொல்லிட்டேன்."

அந்தக் கொட்டகைக்குப் போனவர்கள் திரும்புவது அபூர்வம். நூகம்மாவுக்கும் அது தெரிந்திருந்தது. "கிஞ்ஜலு, கிஞ்ஜலு" என்று தலையில் அடித்துக்கொண்டாள். தமிழும் தெலுங்கும் தெரிந்த ஆண்களெல்லாம் பால் வெட்டில் இருந்தார்கள்.

ஜூடித் மௌரீனை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளே போனாள். பெங்களூரில் அவள் பிறந்து வளர்ந்த பிளாக்பள்ளித் தெருவில் பாதி வீடுகள் தெலுங்கு வீடுகள். ஓடி விளையாடியதும் சண்டை போட்டதும் அந்த மொழியில்தான். இங்கே அது உதவும் என்று அதுவரை இருவருக்குமே தோன்றவில்லை. நூகம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன விதை? எப்போ தின்னான்?" என்று தெலுங்கில் கேட்டாள்.

நூகம்மா அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். பிறகு மளமளவென்று கொட்டினாள். ரப்பர் விதை. பெரிய பெண் உடைத்துக் கொடுத்திருக்கிறாள், விடியற்காலையில், நாலைந்து இருக்கும்.

"சார், இது காலரா இல்ல. ரப்பர் விதையைத் தின்னிருக்கான், அந்த விஷம்தான்" என்றாள் ஜூடித்.

சந்தானத்தின் முகம் மாறியது. அவர் கெட்டவரில்லை, பயந்தவர். அடுத்த நிமிஷமே பையனைக் கையில் வாங்கிக் கட்டிலில் கிடத்தினார். அன்று முழுவதும் ஜூடித் அங்கேயே இருந்து, அவர் சொல்லச் சொல்ல நூகம்மாவுக்குத் தெலுங்கில் சொன்னாள். சாயங்காலம் பையன் கண்ணைத் திறந்து கஞ்சி கேட்டான்.

அதற்குப் பிறகு ஓடைக்கு அப்பாலிருந்து ஆள் வந்தபடியே இருந்தது. காய்ச்சல் என்றால் கூப்பிட்டார்கள், பிரசவம் என்றால் கூப்பிட்டார்கள், புருஷன் பெண்டாட்டி சண்டைக்கும் கூப்பிட்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண்களே கேட்டார்கள்: உங்கள் சாமி கதையை எங்களுக்கும் சொல்லக்கூடாதா?

பெர்னார்ட் சந்தோஷமாகக் கிளம்பினார். அவர் தமிழில் பிரசங்கம் செய்ய, ஜூடித் தெலுங்கில் சொல்ல ஏற்பாடு. காணாமல்போன ஆட்டைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசி நிறுத்தினார். அவள் இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாள். பெண்கள் தலையாட்டினார்கள், ஒருத்தி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"நான் அவ்வளவு நேரம் பேசினேனே, அதெல்லாம் எங்க?" என்று கேட்டார், வீட்டுக்குத் திரும்பும்போது.

"விஷயம் அவ்வளவுதாங்க இருந்துச்சு."

அவர் நின்று ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு இருவரும் வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தார்கள். மறு வாரத்திலிருந்து அவர் கடைசி வரிசையில் மௌரீனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார், ஜூடித்தே பேசினாள். ஊழியரின் பட்டியலில் மனைவியின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்று மிஷன் கமிட்டிக்கு எழுதினார். அப்படி வழக்கமில்லை என்று பதில் வந்தது. அவருக்குத்தான் கோபம். ஜூடித் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஓடைப் பக்கம் போனாள், அங்கே ஒருத்திக்குப் பிரசவ வலி.

மூன்று வருஷம் என்று போனவர்கள் ஏறக்குறைய ஏழு வருஷம் இருந்தார்கள். தெலுங்கு லயத்தில் பதினொரு பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள். நூகம்மா பெறவில்லை. "எங்க ஊர்ச் சாமி, சிம்மாசலத்து அப்பன், கோவிச்சுக்குவார்" என்பாள். ஆனால் ஒரு ஞாயிறும் தவறாமல் முன் வரிசையில் இருப்பாள், மற்றவர்களைப் பேச விடாமல் அடக்குவதும் அவள்தான்.

1913 டிசம்பரில் பெங்களூர் திரும்பினார்கள். விடியற்காலையில் ரயிலை விட்டு இறங்கியதும் மௌரீனுக்குப் பல் கிட்டியது.

"அம்மா, இங்க ஏன் இப்படிக் குளிருது? இதுதான் நம்ம ஊரா?"

"ஆமாண்டி கண்ணு, இதுதான்" என்று ஜூடித் தன் சால்வைக்குள் அவளை இழுத்துக்கொண்டு ஜட்காவில் ஏறினாள். வண்டிக்காரன் கன்னடத்தில் வாடகை சொன்னான். அவள் கன்னடத்திலேயே பேரம் பேசத் தொடங்கினாள்.