கார் பேட்டரியில் நான் ஊற்றிய தீர்த்தம்

காரைக்கால் பக்கம் போலகத்தில் எங்கள் அக்கா பிலோமினாளுக்கு வலி கண்ட அன்று, காரைக் கிளப்ப முடியாமல் நின்றவன் நான். அந்தக் காரைக் கெடுத்தவனும் நான்தான். சகோதரரே, சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள். அன்று எனக்கு வரவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் கப்பலேறிய மறுவருஷம், ஆனி மாதம். வாடகைக் கார் ஓட்டும் மச்சான், அக்காவின் கணவர், காரை என் பொறுப்பில் விட்டு ஒரு வார வேலையாகப் புதுச்சேரிக்குப் போயிருந்தார். "பேட்டரியில தண்ணி கொறஞ்சா பாட்டில்ல இருக்கிற மழத்தண்ணிய ஊத்துடா. கெணத்துத் தண்ணி ஆவாது, உப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் போனார். விளையாட்டில் அந்தப் பாட்டிலை உடைத்துவிட்டேன். மழையும் இல்லை. மாதா படத்தடியில் கோயில் தீர்த்தம் இருந்தது. வண்டியும் ஞானஸ்நானம் வாங்கட்டுமே என்று அதை ஊற்றிவிட்டேன். அப்புறம் காலையில் கிளப்பிப் பார்க்கும்போதெல்லாம் செல்ஃப் ஸ்டார்ட்டர் நாளுக்கு நாள் திணறியது. நான் வாயே திறக்கவில்லை.

ஞாயிறு காலை மருத்துவச்சி வெளியே வந்தாள். "புள்ள குறுக்க கெடக்குது. காரைக்கால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க."

மாட்டுவண்டியில் அக்கா தாங்கமாட்டாள். செல்ஃபை அமுக்கினேன். 'டக்'. மறுபடியும் 'டக்'. வண்டியைத் தள்ளத் தெருவில் ஓடி ஆள் கூப்பிட்டேன்.

"போன வாரமும் மாடு கெணத்துல விழுந்துட்டுன்னு பொய் சொல்லி ஓடியாந்தே. போடா!" என்று சிரித்தார்கள்.

உள்ளே அக்கா முனகினாள். திரும்பி வந்து அமுக்கப் போன கையை எடுத்துக் கும்பிட்டேன். மண்டியிட்டு வாய்விட்டுக் கத்தினேன். "மாதாவே, பேட்டரியில ஒன் தீர்த்தத்த ஊத்துனது நாந்தான்! எனக்கு உள்ள அடிய அக்காவுக்குக் குடுக்காதே!"

மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு குரல். "என்னத்தடா ஊத்துனே?"

பக்கத்து வீட்டு ஹமீது நானா, லாரி ஓட்டுகிறவர். மதிலேறிக் குதித்தார்.

"தீர்த்தம், நானா."

"அதுல உப்பு உண்டா?"

"சாமியார் உப்பு போட்டுத்தான் மந்திரிப்பாங்க. உப்புத் தட்டப் புடிச்சதே நாந்தான்."

"யா அல்லாஹ்! புடிச்சவனுக்குமா தெரியல? இனிமே செல்ஃபத் தொடாதே. மிச்சமிருக்கிற கரண்டு இன்ஜினுல தீப்பொறி வர வேணும்."

பேட்டரி முனைகளில் பூத்திருந்த பச்சைக் களிம்பை வெந்நீர் ஊற்றிச் சுரண்டி, வயரை முறுக்கினார். கையால் சுற்றிக் கிளப்பும் ஹேண்டிலை முன்னால் சொருகினார். "சுத்து. கட்டவெரல மடக்காதே, எதிர்த்து அடிச்சா கை போயிடும்."

மூன்றாவது சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. அழுதுவிட்டேன். வழியெல்லாம் இன்ஜினை அணைக்காமல் நானாவே ஓட்டினார். மத்தியானம் பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம்.

"இன்னும் நாலு தடவ அமுக்கியிருந்தீன்னா பொறியும் வந்திருக்காது" என்றார் நானா. அந்தக் கையை எடுக்கவைத்தது யார் என்று எனக்குத் தெரியும்.

ஊர் திரும்பிய மச்சானிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தம் கையில் குழந்தை இருந்ததால் அவர் அடிக்கவில்லை. கேலியை நான் விடவில்லை, பொய்யை விட்டுவிட்டேன்.

உங்களுக்கும் ஒன்று கிளம்பாமல் நின்றால், கையை எடுத்துவிட்டு உள்ளதைச் சொல்லி ஜெபியுங்கள். கொஞ்சம் சத்தமாகவே ஜெபியுங்கள். மதிலுக்கு அந்தப் பக்கம் யாரை நிறுத்தவேண்டும் என்று ஆண்டவருக்குத் தெரியும்.