கோட்டுக்குள் ஒரு கருகல்

வீடு வீடாக வேதம் சொல்லும் ஊழியத்துக்குக் கடல் கடந்து வந்த தம்பிக்கு, சபை போட்ட ஒரு சட்டம்தான் தொண்டையில் சிக்கிய முள்: எங்கே போனாலும் கூட்டாளியோடுதான் போக வேண்டும். அந்தக் கூட்டாளியோ இஸ்திரிப் பெட்டியை இவனுடைய வெள்ளைச் சட்டை மேலேயே வைத்துவிட்டுப் போனில் அரட்டையடித்த மகாராசன். அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. ஆனாலும் ஒரே நுகத்தில் பூட்டின மாடுகள் மாதிரி தெருத்தெருவாகச் சேர்ந்தே நடந்தார்கள்.

இன்று மற்ற சட்டைகள் காயவில்லை. கருகினதைப் போட்டு, மேலே கோட்டால் மூடிக்கொண்டு கிளம்பினான். மூன்றாம் மாடியில் ஓர் அக்கா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். விடுவானா? மன்னிப்பைப் பற்றி மடை திறந்தாற்போலப் பேசினான். வேர்த்து ஊற்றியது.

"அந்தக் கோட்டைக் கழட்டுங்க தம்பி."

பேச்சு மும்முரத்தில் கழற்றித் திரும்பி நாற்காலியில் போட்டான். முதுகில் இஸ்திரிப் பெட்டி அச்சாகத் தெரிந்தது.

"இது யாரு பாத்த வேலை?"

கூட்டாளியைக் கண்ணால் காட்டினான்.

"மன்னிச்சிட்டீங்களா?"

"அவன் இன்னும் மன்னிப்பு கேக்கலைக்கா."

"பேசினாத்தானே கேக்கறதுக்கு," என்று கூட்டாளி சுவரிடம் சொன்னான்.

அக்கா எழுந்துபோய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் ராசியாகிட்டு வாங்க. என் மாமியாரை மன்னிக்கறதைப் பத்தி அப்புறம் பேசலாம்."