முதல் தேதிப் பேரம்

குழம்பும் பொரியலும் பொட்டலம் கட்டி விற்கும் கறிபாயிண்டில் சாம்பாருக்கு நிற்கும்போது கல்லா மேல் இருக்கும் சவுண்ட் பாக்ஸ் வாய் திறந்தால், நான் இன்னும் சட்டென்று திரும்பிப் பார்த்துவிடுகிறேன். யாரோ போனில் அறுபது ரூபாய் அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பெட்டி அதைத் தெலுங்கில், கல்யாண வீட்டு மைக் மாதிரி ஊருக்கே சொல்கிறது. நான் உடனே கொண்டாப்பூரில் எங்கள் அடுக்குமாடியின் கிளப் ஹவுஸ் வாசலில் நிற்கிறேன். காலை ஆறு மணி. வேப்பங்காற்று. வரிசையாக ஷூக்கள். ஒவ்வொருத்தி கையிலும் ஒரு போன்.

வகுப்பு என் சிநேகிதியுடையது. போலாரத்தில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், அங்கேயே ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். அவள் தமிழில் அந்த ஊர் உருதுவும் கலந்திருக்கும். மூன்று மாதம் சம்பளமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு, எங்கள் கிளப் ஹவுஸில் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு தொடங்கினாள். மூன்றாம் மாதக் கடைசிக்குள் இருபது பேர் சேர்ந்தால் பள்ளி வேலையை விட்டுவிடுவாள். சேராவிட்டால் திரும்பிப் போய்விடுவாள். அவள் சொல்லி மடங்காத முட்டி கிடையாது. கணக்கும் விளம்பரமும்தான் ஆகாது. "அதெல்லாம் நீங்க பாத்துக்கங்க அக்கா" என்று, வரி வரியாகக் கவிதை எழுதுகிற என்னிடம் கல்லாவைக் கொடுத்தாள்.

முதலில் நோட்டீஸ் எழுதினேன். 'உங்கள் முதுகெலும்பு ஒரு நதி' என்று ஆங்கிலத்தில் தொடங்கி, லிஃப்டில் ஒட்டினேன். மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் மட்டும் கூப்பிட்டு, டிஸ்க் ஆபரேஷனும் உண்டா என்று விசாரித்தார்.

கட்டணம் மாதம் ஆயிரத்து ஐந்நூறு. அந்தத் தொகை என் வாயில் ஒருநாளும் நிலைத்து நின்றதில்லை. நாலாம் மாடி அம்மா லிஃப்டில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்செம் தக்கிஞ்சண்டி" என்றார். குறைத்தேன், குறைத்துக் குறைத்து எண்ணூறில் நின்றேன். கச்சிபௌலி ஆபீசுக்குக் கேப் பிடிக்க ஓடிய இருவருக்கு, ஓட்டத்திலேயே ஆயிரத்து இருநூறு. ஒவ்வொருவரிடமும் "வெளியே சொல்லிடாதீங்க" என்றேன். டீச்சரிடமும் சொல்லவில்லை. பணம் நேராக என் போனுக்கு வந்ததால் இரண்டு மாதம் எல்லாம் அமைதியாக நடந்தது.

மூன்றாம் மாதம் எனக்குத் தொழில்காரி என்ற பெருமிதம் தலைக்கேறி, அந்தப் பெட்டியை வாங்கி வாசலில் வைத்தேன்.

முதல் தேதி. பதினொரு பேர். நாலாம் மாடி அம்மா போனைக் காட்டினார். "எனிமிதி வந்தல ரூபாயலு" என்று பெட்டி எண்ணூறைக் கணீரென்று அறிவித்தது. அடுத்தவருக்கு ஆயிரத்து இருநூறு. அதற்கடுத்து மதுரைப் பெண், சாஃப்ட்வேர் கம்பெனிக்காரி, ஒரு வார்த்தை பேரம் பேசாதவள். ஆயிரத்து ஐந்நூறு என்றது பெட்டி. அவள் போனும் கையுமாக என் பக்கம் திரும்பினாள்.

"ஏன்க்கா, எனக்கு மட்டும் ஏன் ஆயிரத்தைந்நூறு?"

"நீ கேக்கவே இல்லையேம்மா."

"கேக்கணும்னு யாரு சொன்னா? எனக்குக் கீரைக்காரம்மாட்டயே பேசி வாங்கத் தெரியாது."

பதினொன்று இப்போது ஆறாகும், நாளை மூன்றாகும் என்று என் மனம் கழிக்கத் தொடங்கியது. டீச்சர் இடுப்பில் கை வைத்து என்னைப் பார்த்தாள். "கைக்கு அக்கா? எங்கிட்ட கூடவா மறைப்பீங்க, ஏன்?" சொல்லும்போதே உதடு துடித்தது, சிரிப்பை அடக்கத்தான் என்று பிறகுதான் புரிந்தது. திரும்பி வகுப்பிடம் சொன்னாள்: "யாரு யாரு கொறச்சீங்களோ, நூறு ரூபாய்க்குப் பத்து ஸ்குவாட், உக்காந்து எந்திரிங்க."

நாலாம் மாடி அம்மா விரல் விட்டு எண்ணினார். எழுபது. "அதுக்கு நான் பணமே கட்டிடறேன்" என்று தெலுங்கில் அலறினார். கூடம் சிரிப்பில் உருண்டது.

மதுரைக்காரி சிரிக்கவில்லை. "நான் இப்பவே பேரம் பேசணும். எல்லார் முன்னாடியும்."

பத்துப் பேரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். முகத்தைச் சுளி. அடுத்த அபார்ட்மெண்ட்ல அறுநூறுதான்னு சொல்லு. ஷூவ மாட்டிட்டுப் போற மாதிரி நட. அவள் உண்மையிலேயே நடந்தாள். நாலாவது எட்டில் நான் கூப்பிட்டுவிட்டேன். ஆயிரத்தில் முடிந்தது, அன்றிலிருந்து எல்லோருக்கும் ஆயிரம்; கூடக் கட்டியவர்களுக்கு மீதியைத் திருப்பி அனுப்பினேன். நாலாம் மாடி அம்மா இருநூறு ஏறியதற்கு ஒரு வாரம் புலம்பினார், ஒருநாளும் லீவு போடாமல் புலம்பினார்.

யாரோ அந்தக் கூத்தைப் படம் பிடித்துக் குடியிருப்பு வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். மறுநாள் இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள், "பேரம் பேசுற கிளாஸ் இதுதானா?" புதிதாக வருகிறவள் முதல் நாள் நடுக்கூடத்தில் நின்று ஆயிரத்து ஐந்நூறை ஆயிரமாக்க வேண்டும் என்பது வழக்கமானது. எங்கே முடியும் என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தும் சண்டை ஒவ்வொரு தடவையும் புதுசு. என் நதியால் ஒரு ஆளைக்கூட இழுத்து வர முடியவில்லை. மாதக் கடைசியில் இருபத்து மூன்று பேர்.

அன்று வகுப்பு முடிந்து டீச்சரோடு பார்க்கிங் வரை போனேன். ராஜினாமாக் கடிதம் அவள் ஸ்கூட்டர் டிக்கியில் இருந்தது. ஹெல்மெட்டின் பட்டையை இரண்டு தடவை மாட்டி இரண்டு தடவை கழற்றினாள்.

"பயமா இருக்கா?"

"ஹவ் அக்கா, ரொம்ப." வண்டியைக் கிளப்பினாள். "குடுத்துட்டு வந்துடறேன். நாளைக்கு நீங்களும் கிளாஸ்ல எறங்கிடுங்க. மேனேஜர்னு சொல்லி மூலைல உக்கார்றதெல்லாம் இனிமே வேணாம், நக்கோ."